பக்கத்து வீட்டு நிலவறையில் கற்ற பாடம்

எமது மகன் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்த அந்தப் பொருள் ஓர் உளுந்தின் அளவுதான் இருக்கும். பித்தளை நிறத்தில் ஒரு குட்டிக் கிண்ணம். அதன் முதுகில், ஊசியால் குத்தியது போல ஒரு பள்ளம்.

"என்னடா இது?" என்றோம்.

"பிறைமர் அம்மா. வெடிச்சு முடிஞ்சது. இனி ஒண்டும் செய்யாது."

வெடித்து முடிந்தது என்ற சொல்லைக் கேட்டதும் எமக்குச் சோறு இறங்கவில்லை. 2009 மாசியில் வன்னியில் ஒரு பதுங்குகுழிக்குள், மூன்று வயது கூட நிரம்பாத இவனை மடியில் வைத்து, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இருந்தவர்கள் நாம். 2010 இல் கனடாவிற்கு வந்தோம். ஒட்டாவாவில் குடியேறிய முதல் வருடம், கனடா தினத்து வாணவேடிக்கைக்கே கட்டிலுக்குக் கீழே ஒளித்த பிள்ளை இவன். இன்று பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவருடன் சேர்ந்து குறிபார்த்துச் சுடும் விளையாட்டைப் பழகுகிறான் என்பது எமக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல இருந்தோம். சாப்பாட்டு மேசைக்கு அது வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

புதிதாக வந்து குடியேறிய எம்மவர் குடும்பங்கள் பலவற்றிற்கும் இந்த நிலை என்றோ ஒருநாள் வரலாம். இந்த நாட்டில் வேட்டையும் குறிச்சூடும் தலைமுறை தலைமுறையாக வரும் பொழுதுபோக்குகள். உங்கள் பிள்ளையின் நண்பன் வீட்டில் துவக்கு இருக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டாவைத் தானே நிரப்புபவராக இருக்கலாம். "சீ, அந்தக் கதையே வேண்டாம்" என்று முகத்தைத் திருப்புவது இலகு. ஆனால் அறியாமல் பயப்படுவதிலும் பார்க்க, அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது என்று நாம் இப்போது நினைக்கிறோம். நாம் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நிலவறைக்குள்

பெரியவர் இயந்திரப் பட்டறையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். "பயப்படுவதென்றாலும் வந்து பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்" என்று எம் இருவரையும் ஒரு சனிக்கிழமை அழைத்தார். வெளியே முழங்காலளவு பனி. கீழே நிலவறையில் கோயில் மடப்பள்ளி போல ஒரு துப்புரவு. ஒரு நீண்ட மேசை, அதில் இறுகப் பூட்டிய ஒரு கைநெம்பி, மருந்து நிறுக்கும் தராசு, நாலைந்து கொப்பிகள். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வரி: மேசையில் ஒரு மருந்து, ஒரு பிறைமர், அதற்கு மேல் இல்லை.

ஒரு தோட்டாவில் நான்கு பொருட்கள் உண்டு என்று அவர் விளக்கினார். பித்தளைக் கோது, அதற்குள் மருந்து, வாயில் சன்னம், அடியில் பிறைமர். சுட்டு முடிந்ததும் சன்னம் போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிறைமர் செத்துவிடும். கோது மட்டும் மிஞ்சும். அந்தக் கோதைத் துப்புரவாக்கி, அளவுக்கு அமுக்கி, புதிய பிறைமரும் மருந்தும் சன்னமும் இட்டால் மீண்டும் ஒரு தோட்டா. இதைத்தான் கையால் நிரப்புதல் என்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்கச் செய்பவர்களும் உண்டு. ஆனால் குறிச்சூட்டுக்காரர் இதைச் செய்வது, ஒவ்வொரு தோட்டாவும் மற்றதைப் போலவே இருக்கவேண்டும் என்பதற்காக.

ஊரில் சண்டை ஓய்ந்த பின் ஒழுங்கைகளில் வெற்றுக் கோது பொறுக்கி விளையாடிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கோதின் அடியில் ஒரு சிறு வட்டம் இருக்குமே, அதுதான் பிறைமர். அதை இத்தனை வருடமாக நாம் உற்றுப் பார்த்ததே இல்லை.

உளுந்தளவு கிண்ணத்தின் கதை

வன்னிக் காட்டோரக் கிராமங்களில் இருந்த இடியன் துவக்கு பலருக்கு நினைவிருக்கும். அதற்குக் 'கேப்பு' என்று ஒன்று போடுவார்கள். அந்தக் கேப்பின் பேரப்பிள்ளைதான் இன்றைய பிறைமர். அடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துவக்கில் பயன்படுத்தும் முறைக்கு 1807 இல் காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜோன் போசைத். சக்கிமுக்கிக் கல்லின் பொறியையும் புகையையும் கண்டு பறவைகள் பறந்துவிடுவதுதான் அவருக்கு இருந்த தொல்லை என்று சொல்வார்கள்.

பின்னர் 1860களில் இரண்டு பேர் இரண்டு விதமான பிறைமரைச் செய்தார்கள். ஆங்கிலேயப் படை அதிகாரியான பொக்ஸர் செய்ததில், மருந்தை நசுக்கும் பட்டடை பிறைமருக்குள்ளேயே இருக்கும். கோதின் அடியில் ஒரே ஒரு தீத்துவாரம். அமெரிக்கரான பெர்டன் செய்ததில், பட்டடை கோதின் பகுதியாக இருக்கும். துவாரம் பெரும்பாலும் இரண்டு. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயருடையதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கருடையதை ஐரோப்பாவின் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. பொக்ஸர் வகையில் நடுவில் ஒரே துவாரம் என்பதால், ஒரு கம்பியால் பழைய பிறைமரை இலகுவில் தள்ளிவிடலாம். கையால் நிரப்புபவர்கள் இதையே விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

துவக்கின் ஊசி கிண்ணத்தின் முதுகில் அடிக்கிறது. கிண்ணத்திற்கும் பட்டடைக்கும் இடையே உள்ள மருந்து நசுங்கித் தீப்பற்றுகிறது. அந்தத் தீ துவாரத்தின் ஊடாகக் கோதுக்குள் பாய்ந்து மருந்தை எரிக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தத் தீ ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக, ஒரே சூட்டுடன் இருந்தால் சன்னமும் ஒரே வேகத்தில் போகும். இல்லாவிட்டால் போகாது.

சின்னது ஏன்?

றைபிள் பிறைமரில் பெரியது, சிறியது என இரண்டு உண்டு. பெரியதின் விட்டம் 0.210 அங்குலம். சிறியது 0.175 அங்குலம். மகன் பழகும் .223 றெமிங்டன் தோட்டாவிற்குச் சிறியதே உரியது.

சிறியதின் தீ மென்மையானது. மருந்தைப் பலமாகத் தள்ளாமல் ஒரே சீராகப் பற்றவைக்கும். அதைவிட, அடியில் உள்ள குழி சிறிதானால் கோதின் அடிப்பாகம் தடிப்பாகவும் பலமாகவும் இருக்கும். 1975 அளவில் பால்மிசானோ, பின்டெல் என்ற இரு அமெரிக்கர்கள் மேசையில் வைத்துச் சுடும் போட்டிக்காக 6 மி.மீ. பி.பி.சி. என்ற தோட்டாவை உருவாக்கினார்கள். அதில் சிறிய பிறைமரும் வழமையைவிடச் சிறிய தீத்துவாரமும் இருந்தன. அந்தப் போட்டி உலகையே அது மாற்றியது. பின்னர் வழமையாகப் பெரிய பிறைமர் கொள்ளும் .308 தோட்டாவுக்கும் சிறிய பிறைமர்க் குழியுடன் கோதுகள் வந்தன. லபுவா நிறுவனத்தின் 'பால்மா' கோது அதற்கு ஓர் உதாரணம்.

ஆனால் சிறியதே எப்போதும் நல்லது என்று எண்ணக்கூடாது. பெரிய கோது, பற்றுவதற்குக் கடினமான உருண்டை மருந்து, அதனுடன் கனடாக் குளிர் என்று மூன்றும் சேர்ந்தால் சிறிய தீ போதாமல் போகலாம். அப்போது வேகம் ஏறி இறங்கும். சிலவேளை ஊசி அடித்த பின் ஒரு கணம் தாமதித்தே வெடிக்கும். வெடிக்காவிட்டால் உடனே திறக்காமல், துவக்கின் வாயை இலக்கை நோக்கியே வைத்து முப்பது செக்கன் பொறுத்திருக்க வேண்டும் என்று பழக்குவது இதற்காகத்தான்.

கிண்ணத்தின் தடிப்பு

பிறைமர் தெரிவில் முதலில் பார்க்கவேண்டியது எது என்று கேட்டோம். எது மிகத் திருத்தமானது என்று சொல்லுவார் என எதிர்பார்த்தோம். பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. எது தாங்கும் என்பதே முதற் கேள்வி என்றார்.

.223 தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 55,000 இறாத்தல் வரை போகலாம். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவில் அது 35,000 அளவு. எனவே கைத்துப்பாக்கிப் பிறைமரின் கிண்ணம் மெல்லியது, 0.017 அங்குலம் அளவில் இருக்கும். றைபிள் பிறைமரில் அது 0.020 இலிருந்து 0.025 வரை.

றைபிள் பிறைமர்களுக்கு உள்ளேயும் வித்தியாசம் உண்டு. சி.சி.ஐ. 400 உம் றெமிங்டன் 6½ உம் 0.020 அளவினர். றெமிங்டன் 6½ பழைய .22 ஹோர்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கு உரியது; .223 க்கு அந்த நிறுவனமே 7½ ஐத்தான் சொல்கிறது. அந்த 7½, சி.சி.ஐ. 450, சி.சி.ஐ. பி.ஆர். 4 ஆகியவை 0.025 அளவில் தடித்தவை. பெடரல் 205 எம் இரண்டுக்கும் நடுவே, 0.0225 அளவில் நிற்கிறது. இவற்றில் பி.ஆர். 4 உம் 205 எம் உம் போட்டிக்காரருக்கென்றே கூடிய கவனத்துடன் செய்யப்படுபவை. 450 'மக்னம்' வகை. அதன் தீ சூடானது. சி.சி.ஐ. 41 இராணுவ வகைத் துவக்குகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. தானாக ஏற்றும் துவக்குகளில் ஊசி தளர்வாக இருப்பதால், கதவு மூடும் வேகத்தில் அது பிறைமரைத் தட்டி விடாதிருக்க அது வன்மையாக ஆக்கப்பட்டுள்ளது.

மெல்லிய கிண்ணம் தாங்காவிட்டால் ஊசி பட்ட இடத்தில் ஓட்டை விழும். சூடான வாயு பின்னால் பாயும். துவக்கின் ஊசிமுனை தின்னப்படும். கண்ணாடி போடாதவரின் கண்ணுக்கும் ஆபத்து. மறுபக்கம், தடித்த கிண்ணத்திற்கு ஊசி பலமாக அடிக்க வேண்டும். சுருள்வில் களைத்துப்போன துவக்கிலும், குளிரில் எண்ணெய் இறுகிய துவக்கிலும் தடித்த பிறைமர் சிலவேளை பற்றாது. ஆகவே துவக்கையும் தோட்டாவின் அழுத்தத்தையும் பார்த்துத்தான் பிறைமரைத் தெரிய வேண்டும்.

ஒரு இரவு நடந்தது

இங்கே ஒரு விடயத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும். சிறிய கைத்துப்பாக்கிப் பிறைமரும் சிறிய றைபிள் பிறைமரும் வெளி அளவில் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் குழிக்குள் மற்றது தடையின்றிப் போய் இருக்கும். கண்ணாலும் இலகுவில் பிரித்தறிய முடியாது.

சென்ற மார்கழியில் ஒருநாள் பரீட்சை முடிந்த களைப்புடன் மகன் கீழே போயிருக்கிறான். பெரியவர் மேலே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அலுமாரியில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தன. இருபது கோதுக்குப் பிறைமர் இட்ட பின்புதான் வெறும் பெட்டியின் எழுத்தை வாசித்திருக்கிறான். கைத்துப்பாக்கி என்று இருந்தது.

அவன் ஒளிக்கவில்லை. மேலே ஏறிப்போய்ச் சொன்னான். பெரியவர் கோபிக்கவில்லை. ஆனால் அந்த இருபது கோதையும் மருந்து போடாமல் ஒதுக்கிவைத்து, அடையாளச் சீட்டு ஒட்டினார். உயிருள்ள பிறைமரைக் கம்பியால் தள்ளிக் கழற்றக்கூடாது என்பது விதி. எனவே பின்னர் சூட்டுத்திடலில், மருந்தும் சன்னமும் இல்லாத அந்தக் கோதுகளை ஒவ்வொன்றாகத் துவக்கில் இட்டு, பாதுகாப்பான திசையில் பிறைமரை மட்டும் சுட்டுத் தீர்த்தார்கள். கைத்துப்பாக்கிப் பெட்டி அன்றே வேறு பூட்டுக்குப் போனது. சுவரில் இருந்த அந்த வரியும் அன்றிரவு எழுதப்பட்டதுதான். எழுதியது எமது மகனின் கை.

இந்தக் கதையை அவன் எமக்குச் சொன்னது ஒரு மாதம் கழித்து. கேட்டதும் உடல் நடுங்கியது. ஆனால் பிழையை மறைக்காமல் போய்ச் சொன்ன பிள்ளையை எண்ணி மனதுக்குள் ஒரு ஆறுதலும் வந்தது.

கண்ணைக் கட்டிய சோதனை

பிறைமரின் பெயர்களைக் கற்றுக்கொண்ட மகனுக்கு, எது சிறந்தது என்று கண்டுபிடிக்க அவசரம். பெரியவர் அவனிடம் ஐந்து ஐந்தாக இரண்டு கட்டுத் தோட்டாக்களைக் கொடுத்தார். ஒன்றில் '1', மற்றதில் '2' என்று எழுதியிருந்தது. சன்னத்தின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்து மகன் சுட்டான். முடிவில், இரண்டாம் பிறைமர்தான் திறம், வேக வித்தியாசம் பாதிதான் என்று கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதினான்.

பெரியவர் சிரித்தார். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஒரே பிறைமர்!

ஐந்து வெடி எதையும் நிரூபிக்காது என்பதே அவர் கற்பித்த பாடம். ஐந்து முறை நாணயம் சுண்டி நான்கு முறை தலை விழுந்தால் நாணயத்தில் பிழை என்று சொல்வோமா? குறைந்தது இருபது முப்பது வெடியாவது சுட்டு, வெவ்வேறு நாளில் மீண்டும் பார்த்து, அதன் பிறகும் ஒரே பிறைமர் முன்னே நின்றால் மட்டும் நம்பலாம். சோதிக்கும்போது கோது, சன்னம், மருந்து, துவக்கு எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறுவது பிறைமர் மட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பிறைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். ஒரு பிறைமருடன் பாதுகாப்பாக இருந்த மருந்தளவு, சூடான இன்னொரு பிறைமருடன் எல்லை தாண்டலாம். எனவே எதை மாற்றினாலும் அச்சிட்ட கைநூலில் உள்ள தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து படிப்படியாகவே ஏறவேண்டும். யாரோ ஒருவர் வாயால் சொன்ன அளவை நம்பி ஒருபோதும் நிரப்பக்கூடாது. அளவுகளை நாமும் இங்கே எழுதவில்லை.

வேகத்தில் ஏன் இத்தனை அக்கறை? 100 யாரில் செக்கனுக்கு 30 அடி வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 1000 யாரில் அதே வித்தியாசம் சன்னத்தை அரை அடிக்கு மேல் கீழே இறக்கிவிடும். எவ் கிளாஸ் எனப்படும் தூரச்சூட்டுப் போட்டியில் 1000 யார் இலக்கின் ஐந்து புள்ளி வட்டம் 10 அங்குலம். அதற்குள் இருக்கும் நடு வட்டம் 5 அங்குலம். அரை அடி என்பது அங்கே பெரிய விடயம். ஆனால் நல்ல பிறைமர் மேல் கீழ் சிதறலைத்தான் குறைக்கும். இடம் வலமாகச் சிதறுவது காற்றினால். காற்றை வாசிக்க எந்தப் பெட்டியும் கடையில் விற்பதில்லை.

இந்த எவ் கிளாஸ் கனடாவில் பிறந்த விளையாட்டு என்பது பலருக்குத் தெரியாது. வயது ஏறிக் கண்பார்வையும் தோளும் தளர்ந்தவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்று, தொலைநோக்கியும் முன்தாங்கியும் பயன்படுத்தும் முறையைத் தொடக்கியவர் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஜோர்ஜ் பார்க்கர்சன். அவர் பெயரின் முதலெழுத்தே விளையாட்டின் பெயரானது. அதன் முதலாவது உலகப் போட்டி 2002 இல் எமது ஒட்டாவாவில்தான், ஆற்றோரக் கொனோட் திடலில் நடந்தது.

அப்படியானால் எதை வாங்குவது? பெரியவரின் அறிவுரை எளிமையானது. முதலில் உங்கள் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் தடிப்பு. அடுத்தது மருந்துக்கும் குளிருக்கும் ஏற்ற தீ. அதன் பிறகு தொடர்ந்து கிடைக்கக்கூடியது. 2020 இலிருந்து 2022 வரை வட அமெரிக்கா முழுவதும் பிறைமருக்குப் பெரும் தட்டுப்பாடு. விலையும் ஏறியது. ஒரு காலத்தில் போட்டிக்காரர் பலர் விரும்பிய ரஷ்யப் பிறைமர்களுக்கு 2021 இல் அமெரிக்கா புதிய இறக்குமதி அனுமதியை நிறுத்தியது. ஒன்றையே நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எனவே நல்லதென்று கண்ட ஒன்றை, பெட்டியின் மேல் உள்ள ஒரே லொட் இலக்கத்தில், ஒரு பருவத்திற்குப் போதுமான அளவு வாங்குவது நல்லது. லொட் மாறினால் மீண்டும் சோதிக்க வேண்டும்.

பிறைமரை இடும் முறையும் தெரிவைப் போலவே முக்கியம். குழியில் உள்ள கரியைச் சுரண்டி, பட்டடை குழியின் அடியில் தொடுவதைக் கையால் உணரும்வரை அமுக்க வேண்டும். கோதின் அடியிலிருந்து 0.003 தொடக்கம் 0.005 அங்குலம் உள்ளே இருப்பது வழமை. வெளியே துருத்தி நின்றால் ஆபத்து. அரைகுறையாக அமுக்கிய விலைகூடிய பிறைமரை விட, ஒழுங்காக அமுக்கிய சாதாரண பிறைமர் மேல்.

எமது மகனின் சோதனையில் எது முன்னே நின்றது என்று கேட்பீர்கள். அதை எழுதப்போவதில்லை. அது அந்தத் துவக்குக்கும் அந்த மருந்துக்கும் மட்டும் உரிய விடை. இன்னொருவரின் வீட்டில் அது பிழையாகலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான பிறைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட கோதிலும் செத்த பிறைமரிலும் ஒட்டியிருக்கும் கரியில் ஈயத் தூள் இருக்கும். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் கேடு. மகன் அன்று அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததுதான் உண்மையில் நாம் பயந்திருக்க வேண்டிய விடயம்! இப்போது அவன் திடலிலிருந்து வந்தால் முதலில் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவுகிறான். உடுப்பு வேறாகத் தோய்க்கப்படுகிறது. தோட்டா வேலை நடக்கும் மேசையில் தேநீரும் இல்லை, கடியுணவும் இல்லை.

பிறைமரை அது வந்த பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒன்று வெடித்தால் மற்றதுக்குப் பரவாதபடிதான் அந்தத் தட்டுகள் செய்யப்பட்டுள்ளன. கண்ணாடிப் போத்தலில் கொட்டி வைப்பது ஒரு குண்டு செய்வதற்குச் சமன். மருந்தும் பிறைமரும் வேறுவேறு இடத்தில், உலர்ந்த குளிர்ச்சியான பூட்டிய அலுமாரியில். வேலையின்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. கிட்ட நெருப்போ சிகரெட்டோ கூடாது.

இன்னொன்று, எம்மவர் அடிக்கடி விமானம் ஏறுபவர்கள். பிறைமரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெரிய பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. திடலுக்குக் கொண்டுபோன பையை ஊருக்குப் போகும் பயணத்திற்கு எடுக்கவே வேண்டாம். ஒரு வெற்றுக் கோது பையின் மூலையில் கிடந்தாலும், கட்டுநாயக்காவில் அதற்கு விளக்கம் சொல்லுவது யார்?

சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவில் 1995 ஆம் ஆண்டின் துவக்குச் சட்டப்படி, துவக்கோ தோட்டாவோ வாங்குவதற்குப் 'பி.ஏ.எல்.' எனப்படும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வயது 18. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பிலும் பரீட்சையிலும் தேற வேண்டும். விண்ணப்பத்தில் உங்களை அறிந்தவர்களின் பெயர்கள் கேட்கப்படும், பின்னணி ஆராயப்படும், கணவன் அல்லது மனைவிக்கு அறிவிக்கப்படும். 12 வயதிலிருந்து 17 வரை உள்ளவர்களுக்குத் தனியான இளையோர் அனுமதி உண்டு. 2020 மே 1 இல் பல வகைத் துவக்குகள் தடைசெய்யப்பட்டன. 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாட்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவது நிறுத்தப்பட்டது. ஆற்றைக் கடந்து கியூபெக் பக்கம் வசிப்பவர்களுக்கு 2018 முதல் நீள் துவக்குகளுக்கு மாகாணப் பதிவும் உண்டு. இவை அடிக்கடி மாறுபவை. எனவே கேள்விப்பட்டதை நம்பாமல் ஆர்.சி.எம்.பி. துவக்குப் பிரிவில் நேரே கேட்டு அறிய வேண்டும்.

வேறு நாடுகளில் உள்ள வாசகர்களுக்கும் ஒரு சொல். பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தால், துவக்கு அனுமதிப்பத்திரம் போன்ற தகுந்த ஆதாரம் காட்டாதவருக்குப் பிறைமர் விற்க முடியாது. சுவிற்சர்லாந்தில், எந்தெந்த நாட்டுக் குடிமக்கள் சிறப்பு அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் கூடாது என்ற பட்டியலில் இலங்கையும் சேர்க்கப்பட்டது. அங்கே ஊருக்கு ஊர் சூட்டுத்திடல் இருப்பதைப் பார்த்து, எமக்கும் அதே உரிமை என்று எண்ணிவிடாதீர்கள். அகதி விண்ணப்பம் முடியாமல் இருக்கும் ஒருவர் அறியாமல் செய்யும் ஒரு பிழை, குடும்பத்தின் முழு வாழ்வையும் பாதிக்கலாம்.

எமது முடிவு

மகன் பயிற்சி எடுத்தான். அனுமதிப்பத்திரம் பெற்றான். ஆனால் எமது வீட்டிற்குள் துவக்கு வராது என்பது நாம் மூவரும் இருந்து பேசி எடுத்த முடிவு. அதற்கு அவன் சண்டை பிடிக்கவில்லை. "அம்மாவும் அப்பாவும் நித்திரை கொள்ள வேணும்தானே" என்றான். பெரியவரின் துவக்கு பெரியவரின் பெட்டகத்தில் பூட்டியே இருக்கிறது. திடலில் மட்டும் அவன் கைக்கு வருகிறது.

சனம் என்ன சொல்லும் என்ற பயம் எமக்கும் இருந்தது. "அங்கேயிருந்து தப்பி ஓடிவந்து இங்கே துவக்குப் பழக்கிறியளோ?" என்று ஒரு உறவினர் முகத்துக்கு நேரே கேட்டார். அவருடைய கேள்வியில் பிழையில்லை. எமக்கு அதற்குத் திறமான விடையும் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். எங்கள் பிள்ளை அந்த நிலவறையில் கற்றது சுடுவதை மட்டுமல்ல. பெட்டியின் எழுத்தை இருமுறை வாசிக்கவும், பிழைவிட்டால் போய்ச் சொல்லவும், ஐந்து வெடியை வைத்து முடிவுகட்டாமல் பொறுத்திருக்கவும் கற்றிருக்கிறான்.

இந்த வைகாசியில் முதற்தடவையாக நாம் இருவரும் கொனோட் திடலுக்குப் போனோம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தூரத்தில் இலக்குகள் தபால் முத்திரை போலத் தெரிந்தன. சூடு தொடங்கப்போவதாக அறிவித்தார்கள். எமக்குக் கால் உதறத் தொடங்கியது. அதைக் கண்ட மகன் தன் இடத்தை விட்டு எழுந்து வந்தான். ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து இரண்டு செவிக்காப்புகளை எடுத்து, முதலில் அம்மாவின் காதிலும் பிறகு அப்பாவின் காதிலும் தன் கையாலேயே வைத்து அமுக்கிவிட்டுப் போனான்.